மணிக்கட்டில் கட்டிய பெயர்

செய்தி வந்தபோது ஸ்பார்டாவில் ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோடை விழாவின் கடைசி நாள். எண்ணெய் பூசிய உடம்புகள் வெயிலில் மின்ன, மூன்று வரிசையாக நின்று பாட்டுக்குக் காலடி வைத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து ஓடிவந்த ஒருவன், புழுதி அப்பிய முகத்தோடு, ஊரை ஆளும் ஐந்து எஃபோர்களின் அருகில் குனிந்து ஏதோ சொன்னதைப் பெண்கள் பக்கத்திலிருந்து டமரேட்டா பார்த்தாள். ஐவரில் ஒருவர் முகமும் மாறவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆட்டம் முடிந்து, பரிசுகள் கொடுத்து, எல்லாம் முறைப்படி ஓய்ந்த பிறகுதான் பெயர்களை வாசித்தார்கள்.

படை தோற்றிருந்தது. செத்தவர்கள் நானூறு பேர். முதல் பெயர் ராஜாவுடையது. டமரேட்டா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அறுபதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. தவறிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அவள் மகன் திமோலாஸின் பெயர் வந்தது. ஒரே மகன். இருபத்து நான்கு வயது.

யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று ஒரு எஃபோர் பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. மறுநாள் காலையில் செத்தவர்களின் தாய்மார்கள் குளித்து, தலைக்கு எண்ணெய் தடவி, துவைத்த உடை உடுத்தித் தெருவுக்கு வந்தார்கள். முகத்தில் சிரிப்பு இருந்தது. பிழைத்தவர்களின் தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கப் போனாலும் தலையைக் குனிந்துகொண்டு சுவர் ஓரமாகத்தான் போனார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியலாம். டமரேட்டாவுக்கு அப்படித் தெரியவில்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இதற்குள்தான். பதினேழு வருடங்களுக்கு முன்னால் அவள் கணவன் போரில் விழுந்தபோதும் இப்படித்தான் தெருவில் நடந்தாள். அப்போது மகள் அகிடோ வயிற்றில் இருந்தாள். அதனால் நடை கொஞ்சம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தடவை சிரிப்பு தானாக வரவில்லை. வாசலைத் தாண்டும்போது மேலாடைக்கு ஊசி குத்துவதுபோல அதையும் எடுத்துக் குத்திக்கொண்டாள். மத்தியானம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துவிட்டாள். மாவு அரைத்த தோள்போலத் தாடை வலித்தது. அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றியபோது அதை எங்கே உட்கார்ந்து எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஊரே அவள் வாசலுக்கு வந்தது. கொடுத்துவைத்தவள் என்றார்கள். பார்லி அறுவடையிலிருந்து அகிடோவின் கல்யாணப் பேச்சை இழுத்தடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய், ஒரு சாடி தேனும் ஒரு வட்டப் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு அவளாகவே வந்தாள். குளிர்காலத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், திமோலாஸின் தங்கை எங்கள் வீட்டுக்கு வருவது எங்களுக்குப் பெருமை என்றாள். போரில் விழுந்தவனுக்குத்தான் ஸ்பார்டாவில் கல்லில் பெயர் வெட்டுவார்கள். திமோலாஸுக்கும் ஒரு கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. பெயரும், அதன் கீழே 'போரில்' என்று ஒரு சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் எழுதுவதில்லை.

செத்தவன் இன்னான்தான் என்று எப்படித் தெரிந்தது என்று டமரேட்டா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? போருக்குப் புறப்படும்போது ஒவ்வொருவனும் தன் பெயரைச் சின்னக் குச்சியில் கீறி இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். வெட்டும் குத்தும் வாங்கி மூன்று நாள் வெயிலில் கிடந்த முகத்தைப் பெற்றவளாலும் அடையாளம் சொல்ல முடியாது. எதிரி உடல்களைத் திருப்பிக் கொடுக்கும்போது மணிக்கட்டுதான் பேசும்.

இரண்டாம் நாள் ஊற்றடியில் பிலில்லாவைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரி. டமரேட்டாவைவிட நான்கு வயது சின்னவள். அவள் மகன் நிகோன் பெயர் பட்டியலில் இல்லை. அவன் உயிரோடு திரும்பிக்கொண்டிருந்தான். பிலில்லா யார் முகத்தையும் பார்க்காமல் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிகோன் நல்லா ஓடுவான்னு சின்ன வயசுலயே எங்க எல்லாருக்கும் தெரியும்டி," என்றாள் டமரேட்டா.

பெண்கள் சிரித்தார்கள். பிலில்லா பாதிக் குடத்தோடு போய்விட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது டமரேட்டாவுக்குத் தாடை கொஞ்சம் குறைவாக வலித்தது.

பிழைத்த படை வந்து சேர்ந்தது. அதன் பின்னால் தேனில் இட்ட ராஜாவின் உடலும் வந்தது. ராஜா செத்தால் பத்து நாள் துக்கம். சபை கூடாது, எஃபோர்கள் வழக்குக் கேட்க மாட்டார்கள். பெண்கள் வெண்கலச் சட்டிகளைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும். வீட்டுக்கு இத்தனை பேர் வந்து அழ வேண்டும் என்பது சட்டம். வயல்களில் வேலை செய்யும் ஹெலட் அடிமைகளும் வந்து நெற்றியில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். பெற்ற பிள்ளைக்குச் சிரிக்கிற ஊரில் ராஜாவுக்கு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். அழாவிட்டால்தான் தண்டனை.

டமரேட்டா முதல் மூன்று நாள் அளவாக அழுதாள். நான்காம் நாள் அந்த அளவு கையை விட்டுப் போய்விட்டது. சட்டியைத் தட்டிக்கொண்டே போனவள் திடீரென்று நின்றாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்றைப் பறிகொடுத்த மாடு கத்துவதுபோல இருந்தது. அவளுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. பக்கத்தில் பிலில்லா நின்றாள். துக்கத்துக்கு அவளும் வந்தே ஆக வேண்டும். அவள் சட்டியைத் தட்டுவதை நிறுத்தாமல், உதடு அசையாமல் சொன்னாள்.

"ராஜா மேல அவ்வளவு பாசமா அக்கா உனக்கு?"

அடுப்பில் தண்ணீர் ஊற்றியதுபோல டமரேட்டாவின் அழுகை நின்றது. மற்ற ஆறு நாளும் அவள் மறுபடி அளவாகவே அழுதாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மிர்தோ வந்து கேட்டாள். மிர்தோ, டமரேட்டாவின் நிலத்தை உழுகிற ஹெலட் குடும்பத்துக்காரி. ஆற்றங்கரையில் வயலோடு ஒட்டிய குடிசை. போருக்குப் போகிற ஒவ்வொருவனும் கேடயம் சுமக்க ஒரு ஹெலட்டைக் கூட்டிக்கொண்டு போவான். திமோலாஸோடு போனது மிர்தோவின் மூத்த மகன் டாலோஸ். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். படை திரும்பியபோது டாலோஸ் வரவில்லை. ராஜாவுக்கு அடித்துக்கொண்ட நெற்றி வீங்கியிருக்க, மிர்தோ தாழ்ந்த குரலில் கேட்டாள். கூடப் போனவர்களின் பெயரை எப்போது வாசிப்பார்கள்?

அதை வாசிக்கிற வழக்கம் இல்லை என்றாள் டமரேட்டா. அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது என்று மிர்தோ கேட்டாள். வந்தால் தெரியும் என்றாள். அவள் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். மிர்தோ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

துக்கம் முடிந்த மறுநாள் மிர்தோ மறுபடி வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே வந்தாள். பார்லி போட்டு வைக்கும் கொட்டடிக்கு ஒரு நடை வரச் சொன்னாள். எலியா, கூரை ஒழுகலா என்று டமரேட்டா கேட்டாள். "வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ஒரு ஹெலட் முன்னால் நடந்து தான் பின்னால் போவது டமரேட்டாவுக்கு வழியெல்லாம் உறுத்தியது. ஆற்றங்கரை நாணல் தலைக்கு மேல் நின்றது. நல்ல உச்சி வெயில். தெருவிலும் வயலிலும் ஒரு ஆள் இல்லை.

கொட்டடிக்குள் வைக்கோல்மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது ஸ்பார்டாப் பிள்ளைகளுக்கு உடம்போடு வந்த பழக்கம். எழுந்த விதத்தில்தான் அவள் அவனை அடையாளம் கண்டாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. முடி சடையாக இருந்தது. இடது கையைத் துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

டமரேட்டா கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பொங்குகிற பால்போல ஒன்று அவளுக்குள் எழும்பியது. அது விளிம்பைத் தொடுவதற்குள் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து சேர்ந்தது. அவள் வாய் தானாகத் திறந்து, நாற்பத்தைந்து வருடப் பழக்கத்தில் கேட்டது.

"கேடயம் எங்க?"

"இல்ல," என்றான் திமோலாஸ்.

பிறகு நின்றபடியே நடந்ததைச் சொன்னான். ராஜாவைச் சுற்றி நின்ற வரிசை உடைந்தபோது ஓர் ஈட்டி அவன் இடது முன்கையைத் துளைத்துக்கொண்டு போனது. கேடயத்தைத் தூக்க முடியவில்லை. பின்னால் நிற்க வேண்டிய டாலோஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான். மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து அதனாலேயே காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினான். பெயர்க் குச்சி கையில் மிஞ்சியது. இதைத் தொலைத்தால் எசமானி என்னை உரித்துவிடுவாள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, தன் சட்டையைக் கிழித்து அதைத் தன் கையில் கட்டிக்கொண்டான். அப்போது திமோலாஸின் தலையில் ஏதோ விழுந்தது. மண்ணில் கிடந்தபடி அவன் கடைசியாகப் பார்த்தது இரண்டு கால்களை. டாலோஸ் அவனுக்கு இரு பக்கமும் கால்களை ஊன்றி, கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கண் விழித்தபோது கவசமெல்லாம் கொள்ளை போயிருந்தது. வெறும் உடம்போடு கிடந்தவனை ஏதோ வேலைக்காரன் என்று நினைத்து, செத்த வேலைக்காரர்களோடு ஒரு பள்ளத்தில் போட்டிருந்தார்கள். ஓர் ஆட்டுக்காரன் மூச்சைக் கண்டு தூக்கிப்போய்ப் பால் கொடுத்தான். நடக்க முடிந்ததும் மலைப்பாதையாகவே நடந்து வந்தான்.

அந்தப் பெயர்க் குச்சியோடு கிடைத்த உடல் யாருடையது என்று அவன் சொல்லவில்லை. மிர்தோ அங்கேதான் சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் அவன் முந்தின நாளே சொல்லிவிட்டான் என்பது டமரேட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் கையில் இருந்த கட்டு புதுத் துணி. மிர்தோதான் கழுவிக் கட்டியிருக்க வேண்டும், தன் பிள்ளை செத்த கதையைக் கேட்டுக்கொண்டே.

"இவகிட்டச் சொல்லத்தான் வந்தேன்," என்றான் திமோலாஸ். "உன்னப் பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேம்மா. இவதான் கேக்காம உன்னக் கூட்டிட்டு வந்துட்டா."

"இனி?"

தெனாரோன் முனைக்குப் போகிறேன் என்றான். அங்கே கப்பல்காரர்கள் கூலிக்குப் போர்வீரர்களை எடுக்கிறார்கள். எகிப்துக்கோ எங்கேயோ. வேறு பெயர் சொல்லிக்கொள்வான்.

"நான் செத்தவனாவே இருந்துடறேம்மா. கல்லுல பேரு இருக்கும். அகிடோவுக்குக் கல்யாணம் நடக்கும். நீ தெருவுல நடக்கலாம்."

அவன் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதை டமரேட்டா ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம்வரை நினைத்துப் பார்த்தாள். கேடயமில்லாமல் திரும்பியவனுக்கு ஸ்பார்டாவில் 'நடுங்கி' என்று பெயர். பாதித் தாடியை மழித்துவிடுவார்கள். ஒட்டுப்போட்ட மேலாடை உடுத்த வேண்டும். ஆண்கள் கூடிச் சாப்பிடும் பந்தியில் அவனுக்கு இடமில்லை. சின்னப் பையனுக்கும் எழுந்து இடம் விட வேண்டும். அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். டமரேட்டா சிறுமியாக இருந்தபோது அப்படி ஒருவனை ஆற்றங்கரையில் மடக்கி, தோழிகளோடு சேர்ந்து கேலிப் பாட்டுப் பாடியிருக்கிறாள். பாட்டு முடியும்வரை அவன் அசையாமல் நிற்க வேண்டும். நின்றான். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் நினைத்ததில்லை.

"சரி," என்றாள்.

மகனைத் தொடவில்லை. தொட்டால் அந்தச் 'சரி' நிற்காது என்று தெரிந்திருந்தது. வெளியே அடுப்பருகே வந்து, வழிக்கு நான்கு நாள் ரொட்டி சுடும்படி மிர்தோவிடம் சொன்னாள். வீட்டிலிருந்து பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் ஒரு கத்தியும் அனுப்புவதாகச் சொன்னாள். மிர்தோ நகரவில்லை.

"மாவு பிசைய மாட்டேன் எசமானி."

டமரேட்டா தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள். அவள் வாழ்நாளில் ஒரு ஹெலட் அவளிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"தெரிஞ்சுதான் பேசறியா?"

"அடிக்கணும்னா அடிங்க. எம் புள்ள சாகுமுன்னாடி ஒண்ண வாங்கி வெச்சிட்டுப் போயிருக்கான். உங்க புள்ள உசுரு. அது இல்லவே இல்லைன்னு நீங்க கல்லுல எழுதிட்டீங்கன்னா, எம் புள்ள எதுக்குச் செத்தான்?"

"உனக்குப் புரியாது மிர்தோ. எங்க மானம்..."

"எனக்குப் புரியாதுதான். எம் புள்ளைக்கும் புரியல. புரிஞ்சிருந்தா இவன விட்டுட்டுக் கேடயத்த மட்டும் தூக்கிட்டு ஓடியாந்திருப்பான். உங்களுக்கும் சந்தோசமா இருந்திருக்கும்."

டமரேட்டாவின் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. மிர்தோ முகத்தைத் திருப்பவில்லை. ராஜாவுக்காக அடித்துக்கொண்ட வீக்கம் அவள் நெற்றியில் இன்னும் வடியவில்லை. ராஜாவுக்காக அழுகிறோம் என்று சொல்லி இரண்டு பேரும் அந்தப் பத்து நாளும் ஒரே தெருவில்தான் அழுதிருக்கிறோம் என்று டமரேட்டாவுக்குத் தோன்றியது. கையை இறக்கி, அடுப்புத் திட்டில் உட்கார்ந்தாள்.

நாணலுக்குள் ஏதோ பறவை கத்திக்கொண்டேயிருந்தது. தன் மகன் செத்தான் என்று கேட்டபோது பெருமையும், இருக்கிறான் என்று கண்டபோது அவமானமும் வந்தது எப்படி என்று டமரேட்டா தன்னையே கேட்டுப் பார்த்தாள். இரண்டுமே பொய்யில்லை என்பது மட்டும் தெரிந்தது. பெருமை உண்மையாகவே இருந்தது. அவமானமும் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதலில் பொங்கியதே, அது இந்த இரண்டுக்கும் முந்தியது. அதற்கு ஸ்பார்டாவில் யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

"எஃபோர்கிட்டப் போறேன்," என்றாள் கடைசியில். "இவன் இருக்கான்னு சொல்றேன். டாலோஸ் என்ன செஞ்சான்னும் சொல்றேன். கேடயத்தோட நின்னு செத்தவன். அவன் பேருக்கு ஒரு..."

"வேண்டாம்." மிர்தோ சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். பிடித்ததை உணர்ந்து விட்டுவிட்டாள். "அவன் பேர மட்டும் சொல்லாதீங்க. உங்க கால்ல விழறேன்."

ஏன் என்று டமரேட்டா கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், யாரும் பேசாத கதை. தாத்தாக்கள் காலத்தில், போரில் வீரம் காட்டிய ஹெலட்டுகள் முன்னால் வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று அறிவித்தார்கள். இரண்டாயிரம் பேர் வந்தார்கள். தலையில் மாலை சூட்டிக் கோயில்களைச் சுற்றி வரச் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவனையும் யாரும் பார்க்கவில்லை. தைரியமான அடிமை யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"வயல்ல எனக்கு இன்னும் ரெண்டு பசங்க நிக்கறாங்க," என்றாள் மிர்தோ.

அன்று மாலை டமரேட்டா மகளிடம் சொன்னாள். அகிடோ ஓட்டப் பயிற்சி முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டபிறகு ஒரே காலையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அண்ணனுக்குக் கை ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். பிறகு தேன்சாடியைப் பார்த்தாள்.

"இத நாமளே திருப்பி அனுப்பிடலாமா, அவங்களா வந்து கேக்கறதுக்கு முன்னாடி? கொஞ்சம் தின்னுட்டேன்."

டமரேட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளாக வரவழைக்காத சிரிப்பு. மகள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குளிர்காலக் கல்யாணத்துக்கு அவள் நெய்துகொண்டிருந்த துணி தறியில் பாதியில் நின்றது. டமரேட்டா அதைப் பார்க்காமல் கடந்து போனாள்.

மறுநாள் காலை திமோலாஸ் எஃபோர்களிடம் வர மறுத்தான். உனக்காகத்தான், தங்கைக்காகத்தான் என்று வாதாடினான். தெனாரோனுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தாடி, மேலாடை, பந்தி, பாட்டு. எல்லாம் தெரியும் என்றாள். நானும் அந்தப் பாட்டைப் பாடியவள்தான் என்றாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"உன் உசுரு உன்னுது இல்லடா, உன் இஷ்டத்துக்கு ஒளிச்சு வைக்க. நட."

ஊர் விழித்திருக்கும் நேரத்தில், பெரிய தெரு வழியாகவே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் வழி மறிக்கவில்லை. அவர்கள் நெருங்க நெருங்கப் பேச்சு நின்றது. கடந்த பிறகும் அது தொடங்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த கூடையோடு திரும்பி வந்த வழியே போனாள். டமரேட்டா சட்டப்படி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. சிரித்த முகத்துக்கு உள்ளேயும் அப்படித்தான் யாரும் பார்த்ததில்லை.

பிலில்லா தன் வாசலில் நின்றிருந்தாள். இத்தனை நாள் சாத்தியிருந்த கதவு திறந்திருந்தது.

"இனி தாடை வலிக்காது அக்கா," என்றாள். "கழுத்துதான் வலிக்கும். ஆட்டுக் கொழுப்புத் தடவு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் பாதி குத்தல், பாதி என்ன என்று டமரேட்டாவுக்குப் பிடிபடவில்லை. தான் ஊற்றடியில் சொன்னதற்கு இது குறைவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

எஃபோர்களின் கூடத்தில் ஒருவர்தான் இருந்தார். வயதானவர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். விழா அன்று பெயர்களை வாசித்தது அவர்தான். மடியில் மெழுகுப் பலகையை வைத்துக்கொண்டிருந்தார். திமோலாஸைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"எம் மகன் திமோலாஸ். உசுரோட இருக்கான். பட்டியல்ல இருந்து பேர எடுத்துடுங்க."

கேடயம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றான் திமோலாஸ். காயம் எந்தப் பக்கம் என்று கேட்டார். துணியை விலக்கிக் காட்டினான். முன்பக்கம்தான். அதற்காக அவர் முகம் இளகவில்லை. சட்டம் தெரியும் அல்லவா என்று கேட்டார். தெரியும் என்றான். எழுத்தாணியைத் திருப்பிப் பிடித்து, அதன் தட்டையான முனையால் மெழுகைத் தேய்க்கப் போனவர் நிறுத்தினார்.

"அப்ப உம் மகன் குச்சியைக் கட்டியிருந்த உடம்பு யாருது?"

திமோலாஸ் வாயைத் திறந்தான். அவன் முகத்திலேயே பெயர் இருந்தது. டமரேட்டா அவனுக்கு முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"பேரு தெரியாது. விழுந்தவன விட்டு நகராம நின்னவன். கேடயத்தக் கீழ விடல."

எஃபோர் நல்ல கண்ணால் அவளைக் கூர்ந்து பார்த்தார். பட்டியலில் இருந்த மற்ற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு உண்டு, ஒரு தாய் உண்டு. எல்லாத் தாய்மாரும் தெருவில் சிரித்துக்கொண்டு நடந்தாகிவிட்டது. யாரையும் காணோம் என்று சொன்ன ஒரு வீடும் ஊரில் பாக்கியில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அங்கே கேடயம் தூக்கியிருக்கக்கூடிய வேறு ஆட்கள் யார் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஸ்பார்டாக்காரனா?"

தன் பிள்ளை ஸ்பார்டாக்காரன் என்ற ஒரு சொல்லில் பெருமைப்பட அவளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு உரியவன் வடக்கே ஒரு குழியில் அவள் மகன் பெயரோடு கிடந்தான்.

"ஆமா," என்றாள்.

அந்த ஊரில் ஒரு சொல் பதில் சொன்னால் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் இல்லை. எஃபோர் திமோலாஸின் பெயரை மெழுகில் தேய்த்து அழித்தார். கீழே உள்ள பெயர்களை மேலே ஏற்றவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டார்.

"நானூறு நானூறாவே இருக்கட்டும்," என்றார். நாவிதன் பக்கத்துத் தாழ்வாரத்தில் இருப்பான் என்று திமோலாஸிடம் சொன்னார். அடுத்து யார் என்று வாசலைப் பார்த்தார்.

தாழ்வாரத்துக்குப் போகும் பத்தடி தூரத்தில் திமோலாஸ் நின்றான்.

"பொய் சொல்லிட்டியேம்மா."

"எதுல?" என்றாள் டமரேட்டா.

அவன் யோசித்தான். யோசிக்கும்போது காயம்பட்ட கை கட்டிலிருந்து நழுவித் தொங்கியது. டமரேட்டா நின்று, அந்தக் கையை இரண்டு கையாலும் தூக்கி அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்து, முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். தெருவில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.